நாலு நாளும் வெள்ளிக்கிழமை

அந்தப் பைய மேல போட வேணாம்மா, என் மடியிலயே இருக்கட்டும். ஒடையுற சாமான் இருக்கு உள்ள. நீ ஜன்னல் பக்கம் உக்காந்துக்க, எனக்கு வெயிலு ஒத்துக்காது. சேலமா நீ? நல்லதாப் போச்சு. நான் ஓசூரு. மதுரையில ஏறுனதுல இருந்து பாக்குறேன், பட்டப்பகல்ல அம்புட்டுப் பேரும் கண்ண மூடிட்டாங்க. பேச்சுத்தொணைக்கு ஒரு ஆள் வேணும்ல.

காதுல அத மாட்டிக்காதம்மா. காது மந்தமாப் போயிரும்.

மகன் வீட்டுக்குத்தான் போறேன். மருமகளக் கூட்டிட்டு வரலாம்னு. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளான்னு கேக்காத, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. எங்களுக்குள்ள ஒரு சண்டை கெடையாது. அருப்புக்கோட்டையில எங்க தெருவுல வந்து கேட்டுப் பாரு, தனபாக்கியம் மருமக சத்தம் வெளியில கேட்டிருக்கான்னு. கேட்டே இருக்காது. என் சத்தம் கேட்டிருக்கும், அது வேற. அவ போனதுக்குக் காரணம் கப்பல். கப்பல் கூட இல்ல, அந்தக் கப்பல்ல குடுத்தான் பாரு ஒரு வைஃபை, அதுதான் என் குடும்பத்தப் பிரிச்சிருச்சு.

நம்ப மாட்டேங்குற. மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் வெளங்கும்.

எங்க வீட்டு ஹால்ல ஒரு கேமரா இருக்கு. பெருசா ஒண்ணுமில்ல, உள்ளங்கை அளவுதான். ரெண்டு வருசத்துக்கு முன்ன எதிர்வீட்டுக் கோமதி கழுத்துல ஒருத்தன் செயின அறுத்துட்டான். அன்னிக்கே மகன் ஜெகதீசுகிட்டச் சொல்லி மாட்டச் சொல்லிட்டேன். வாசல்ல மாட்டலாம்மான்னான் அவன். வாசல்ல திருடன் வந்தா நாய் கொலைக்கும்டா, உள்ள வந்தாத்தானே கேமரா வேணும்னேன். சரியாத்தானே சொன்னேன்? சாமி அலமாரி, சோபா, சமையல்கட்டு வாசல், மாடிப்படி, அம்புட்டும் ஒரே பார்வையில தெரியுற மாதிரி மாட்டியாச்சு.

திருடன் வரலைன்னு வையி. கேமரா இருக்கும்போது எப்படி வருவான்? ஆனா மாட்டுன பொருளச் சும்மா வச்சிருக்க முடியுமா? போன்ல தொட்டா வீடு தெரியும். கீழ ஒரு மைக்குப் படம் இருக்கும், அத அழுத்திக்கிட்டுப் பேசுனா நம்ம சத்தம் அங்க கேக்கும். எனக்கு முட்டு வலி பாரு, உக்காந்தா லேசுல எந்திரிக்க முடியாது. அதுனால என் ரூம்ல படுத்துக்கிட்டே சொல்லிருவேன். 'இந்து, குக்கர் அஞ்சு விசில் ஆச்சு.' 'இந்து, போன்ல யாரு, இம்புட்டு நேரம்?' 'இந்து, பகல்ல என்ன தூக்கம்?' இவ்வளவுதான். பக்கத்து ரூம்தான், சும்மா கூப்பிட்டாலே கேக்கும். ஆனா கேமராவுல சொன்னா ஒடனே செய்வா. திடுக்குன்னு நிமிந்து பாப்பா, ஒடனே செஞ்சுருவா.

இந்துமதின்னு பேரு. திண்டுக்கல்லுப் பொண்ணு. இந்தா, இப்ப வரும்ல திண்டுக்கல்லு, அங்கதான். நல்ல பொண்ணு, கொற சொல்ல முடியாது. ஒரே ஒரு நாள் துண்ட அலசி எடுத்துட்டு வந்து கேமரா மேல காயப் போட்டுட்டா. ஈரத்துண்டும்மா! கரண்டுப் பொருள் மேல! ஷாக் அடிச்சா என்ன ஆகுறதுன்னு, அவளுக்காகத்தான் சத்தம் போட்டேன். அன்னிக்கு ராத்திரி அவ சாப்பிடல. போன ஆடியில வேற அவளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லாமப் போச்சு. அத அப்பறம் சொல்றேன்.

கப்பல் டிக்கட்டு எடுத்தது அவதான். எங்களுக்கு முப்பத்தஞ்சாவது கல்யாண நாள் வந்துச்சு தை மாசம். சென்னையில வெள்ளிக்கெழம ஏறுனா, இலங்கைப் பக்கம் சுத்திட்டுச் செவ்வாக்கெழம திரும்பச் சென்னை. சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் உள்ளயே. எங்க காலத்துல கன்னியாகுமரியில படகுல போனதே பெருசு. நான் கேட்டேன், திருச்செந்தூருக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தாப் போதாதான்னு. 'இல்ல அத்தே, திருச்செந்தூர்ல சிக்னல் நல்லா கெடைக்கும். நடுக்கடல்லதான் ஒண்ணும் கெடைக்காது, நிம்மதியா இருக்கலாம்'னா. எங்க மேல எம்புட்டு அக்கறை பாத்தியா. ரெண்டு பெட்டியையும் அவளே அடுக்குனா. பாட்டுப் பாடிக்கிட்டே அடுக்குனா. அவ பாடுவாங்குறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

கப்பல்ல ஏறி, சாயங்காலம் அஞ்சரை ஆறு இருக்கும், மெதுவா நகருது. அம்புட்டுப் பேரும் கம்பியப் புடிச்சுக்கிட்டுக் கரையப் பாத்துக் கையாட்டுறாங்க. நான் போன வச்சுக்கிட்டு வீட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன். வெள்ளிக்கெழமைல்ல, வெளக்கேத்துனாளா இல்லையான்னு பாக்கணும்ல. ஏத்துனா! தல குளிச்சு, கடுகு நெறத்துல அந்தச் சுங்குடிச் சேல கட்டி, வெளக்கேத்தி, கண்ண மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா. எனக்கு அப்படியே மனசு குளுந்து போச்சு. அதோட சிக்னல் போச்சு.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. வீடு தெரியாம எனக்குத் தூக்கம் வராது. எங்க வீட்டுக்காரரு, 'நாலு நாள்தான தனம், விட்டுரு'ன்னாரு. அவருக்கென்ன, பட்டன் போன் வச்சிருக்காரு.

மறுநாள் காலையில மொத வேலையா எங்க வைஃபைன்னு விசாரிச்சுக்கிட்டுப் போனேன். ஒரு கவுண்டர்ல கொளச்சலுப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு, பெனிட்டான்னு பேரு, நல்ல பொண்ணு, தமிழு பேசுச்சு. அந்தப் பொண்ணு மொதல்ல என் போன வாங்கி ஏரோப்ளேன் மோடுல போட்டுச்சு. கப்பல்ல போறவங்க ஏரோப்ளேன்ல போட்டுக்கணுமாம், என்ன கூத்துன்னு பாரு. இல்லாட்டி கப்பல் டவர் நம்ம போனப் புடிச்சு, சும்மா இருந்தாலும் பில்லு ஏறிருமாம். அப்பறம் ரெண்டு பாக்கேஜ் சொல்லுச்சு. சின்னதுல எழுத்து மெசேஜ் மட்டும் போகும் வரும். வீடியோ ஓடணும்னா பெருசு எடுக்கணும், வெல மூணு மடங்கு.

'எனக்கு எதுக்கும்மா வீடியோ? நான் என்ன சினிமாவா பாக்கப் போறேன், என் வீட்டத்தான பாக்கப் போறேன்'னேன். சின்னதே போதும்னு வாங்கிட்டேன். அந்தப் பொண்ணு ஏதோ திருப்பிச் சொல்ல வந்துச்சு, அதுக்குள்ள பின்னால ஒரு ஆளு வந்து நின்னுட்டான். தப்பு அந்தப் பொண்ணு மேலதான். வெவரம் தெரியாத ஆளுகளுக்கு எடுத்துச் சொல்ல வேணாமா?

நீ இப்பவே ஏன்மா சிரிக்கிற? இன்னும் ஒண்ணுமே சொல்லலயே.

ரூமுக்கு வந்து போனத் தொட்டேன். வீடு வந்துருச்சு! பளிச்சுன்னு வந்துச்சு. நடுவுல மட்டும் ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. சரி, கப்பல் ஆடுதுல்ல, அதுக்குன்னு நெனச்சேன். பாத்தா, இந்து சாமி முன்னாடி நிக்கிறா. கண்ண மூடிக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு. சனிக்கெழம காலையில! நான் ஊர்ல இருக்கும்போது வெள்ளிக்கெழம சொன்னாத்தான் வெளக்கு எரியும். இப்ப யாரும் சொல்லாமலே நிக்கிறா. எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டுக் காட்டுனேன். அவரு மூக்குக்கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஓரத்துல ஏதோ பொடி எழுத்தப் படிச்சாரு. மூக்குக்கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சாரு. என் கண்ணாடியப் பெட்டியில இருந்து எடுத்துக் குடுங்கன்னேன். 'எதுக்கு? இப்படியே நல்லாத்தான் இருக்கு'ன்னுட்டு மேல போயிட்டாரு.

மத்தியானம் தொறந்தேன். கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா. சாயங்காலம் தொறந்தேன். நிக்கிறா. ஞாயித்துக்கெழம காலையில தொறந்தேன், அதே சேல, அதே எடம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. மாமனாரும் மாமியாரும் கடல்ல போறாங்களே, நல்லபடியாத் திரும்பி வரணுமேன்னு, சோறு தண்ணி இல்லாம வேண்டிக்கிட்டு நிக்கிறாளே! இப்படி ஒரு புள்ளையையா இத்தன நாளா நான் 'பகல்ல என்ன தூக்கம்'னு கேட்டேன்?

அசைவு இல்லையேன்னு தோணாம இல்ல. தோணுச்சு. ஆனா கடல்ல நெட்டு மெதுவாத்தான் வரும்னு அந்தக் கவுண்டர் பொண்ணு சொல்லியிருந்துச்சு. ஆளும் மெதுவாத்தான் தெரியும் போலன்னு இருந்துட்டேன்.

கடலா? கடலப் பாக்கல. என்னத்த இருக்கு கடல்ல, தண்ணிதான. இலங்கையில கப்பல் நின்னப்பக் கூட நான் எறங்கல. ஏன்னா அந்த பாக்கேஜ் கப்பலுக்குள்ள மட்டும்தான் வேலை செய்யும், கரையில கால் வச்சாப் போயிரும். அவரு மட்டும் எறங்கிப் போயிக் கோணேசுவரரக் கும்பிட்டுட்டு, எனக்கு விபூதி கொண்டு வந்தாரு. நான் என் மருமக கும்பிடுறதப் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அதுவே கோயிலாத்தான் இருந்துச்சு.

ஒரே தொந்தரவு என்னன்னா, மெசேஜு. டிங்கு டிங்குன்னு வந்துக்கிட்டே இருக்கும். சனிக்கெழமையே இந்து ஒண்ணு அனுப்பியிருந்தா. நீளமா, ரெண்டு மொழம் இருக்கும், பொடிப்பொடியா. ஆள நேரா பாத்துக்கிட்டு இருக்கும்போது எழுத்த எவளாவது படிப்பாளா? செவப்புல ஒண்ணுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு, அது கண்ண உறுத்துச்சு. தொறந்தேன், மூடுனேன், போயிருச்சு.

அப்பறம் ஜெகதீசு. 'அம்மா, இந்து அனுப்புனதப் பாத்தியா?' ஞாயித்துக்கெழம மறுபடியும், 'அம்மா, ஏதாவது ஒரு பதில் சொல்லும்மா.' இவனுக்கு எப்பவும் அவசரம். வெந்நி வச்ச பாத்திரத்துல கைய விட்டுட்டு ஐயோங்குற ஆளு. அவங்க கவலப்படக் கூடாதுன்னு நான் கஷ்டப்பட்டு, தமிழுல, எழுத்து எழுத்தாத் தட்டி அனுப்புனேன். 'கவலைப்படாதே. நான் இங்கிருந்து இந்துவைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்'னு. ஒரு தப்பு இல்லாம எழுதுனேன்.

கரூரு வரப்போகுது போல. இங்க டீக்கு நிறுத்துவாங்க. நான் எறங்கல, பையத் தூக்கிட்டு எறங்க முடியாது. நீ வேணா போயிட்டு வா. போகலயா? சரி. அப்பக் கேளு.

திங்கக்கெழம. சாயங்காலம் நாலு மணி. எங்க வீட்டுக்காரரு மேல மேஜிக் ஷோ பாக்கப் போயிட்டாரு. ரூம்ல நான் மட்டும். போனத் தொறந்தா, நிக்கிறா. நாலாவது நாளா நிக்கிறா. எனக்கு அன்னிக்கு என்னமோ ஆயிப்போச்சும்மா. மைக்க அழுத்துனேன். 'இந்து, போதும் தாயி, போயி ஒரு வாய் சாப்பிடு'ன்னேன். தாயின்னு அவள நான் கூப்பிட்டதே இல்ல. அவ பதில் பேசல. திடுக்குன்னு திரும்பல. நான் பேசுறத முழுசாக் கேட்டுக்கிட்டு, பொறுமையா, கண்ண மூடி நின்னா. எனக்கு வாய் தன்னால தொறந்துக்கிச்சு.

உன் மொச்சக்கொழம்ப நான் உப்புச்சப்பில்லன்னு சொன்னேன்ல, நீ குளிக்கப் போனப்ப ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டேன்டின்னு சொன்னேன். நான் வாக்கப்பட்டு வந்தப்ப என் மாமியா சமையல்கட்டு வாசல்லயே நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பா, நான் மோருல தண்ணி ஊத்துறத எட்டி எட்டிப் பாப்பா, அத நெனச்சு நான் பின்கட்டுல அழுதிருக்கேன்னு சொன்னேன். இத எல்லாம் நான் எங்க வீட்டுக்காரருகிட்டக் கூடச் சொன்னதில்ல.

அப்பறம் அந்த ஆடி மாச விசயம். அவளுக்கு மூணு மாசம், கலைஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்து படுக்க வச்சிருக்கோம். அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லிட்டேன்மா. 'மாடிப்படி ஏறாத ஏறாதன்னு கேமராவுலயே கத்துனேன்ல, கேட்டியா'ன்னு கேட்டுட்டேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. டாக்டரம்மா சொல்லுச்சு, படி ஏறுனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு. எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். பேரப்புள்ள போச்சேங்குற ஆத்தாமையில யாரையாவது திட்டணும்னு இருந்துச்சு, அவ படுத்திருந்தா, அவளத் திட்டிட்டேன். அத அன்னிக்கு மைக்க அழுத்திக்கிட்டுச் சொன்னேன். 'அது உன் தப்பு இல்ல தாயி. நான்தான் தப்பாப் பேசிட்டேன். என்ன மன்னிச்சுரு'ன்னேன். கை நோக நோக மைக்க அழுத்திப் புடிச்சுக்கிட்டு அழுதேன். திரும்பிப் பாத்தா எங்க வீட்டுக்காரரு வாசல்ல நிக்கிறாரு. மேஜிக் நல்லாயில்லையாம்.

அன்னிக்கு ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன். இனிமே வீட்டுக்குப் போனதும் எல்லாம் வேற மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்.

செவ்வாக்கெழம காலையில சென்னை வந்துருச்சு. ஏரோப்ளேன எடுத்துவிட்டேன், சிக்னல் வந்துருச்சு, கேமராவத் தொட்டேன். வட்டம் நின்னுருச்சு. ஹாலு தெரியுது. அவ இல்ல. சாமி அலமாரியில வெளக்கு இல்ல. குளிக்கப் போயிருப்பான்னு நெனச்சேன். பகல் ரயில்ல ஊருக்கு வர வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். செங்கல்பட்டுல பாத்தேன், குளிக்கிறா. விழுப்புரத்துல பாத்தேன், இன்னும் குளிக்கிறா. எம்புட்டு நேரந்தான் குளிப்பா ஒரு மனுசி? ஜெகதீசுக்குப் போன் போட்டேன். 'வண்டியில இருக்கோம்மா, வீட்டுக்குப் போனதும் பேசு'ன்னான். பின்னால லாரி ஹாரன் கேக்குது.

வீட்டுக்கு வந்தா பூட்டு. சாவி கோமதிகிட்ட. உள்ள போனா, துப்புரவாக் கூட்டித் தொடச்சு, பால்பாத்திரம் கழுவிக் கவுத்து, எனக்கு முட்டுக்குப் போடுற தைலத்தக் கட்டில் பக்கத்துல எடுத்து வச்சிட்டுப் போயிருக்கா. அப்பத்தான் கண்ணாடியத் தேடி எடுத்து, அந்த ரெண்டு மொழ மெசேஜப் படிச்சேன். இந்தா, இன்னும் வச்சிருக்கேன். படிக்கிறேன் கேளு.

'அத்தை, நேரில் சொல்ல தைரியம் வரல, அதான் எழுதுறேன். அவரை ஓசூர் பிராஞ்சுக்கு மாத்தவான்னு ஆபீசுல கேட்டிருக்காங்க. வேணுமா வேணாமான்னு திங்கக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், சரின்னா மறுநாளே கிளம்பணும். எனக்கு உங்களை விட்டுப் போக விருப்பம் இல்ல. ஆனா ஹால்ல அந்தக் கேமரா இருக்கற வீட்டுல என்னால இனிமே மூச்சு விட முடியல அத்தை. ஆடி மாசத்துக்கு அப்புறம் ஹால் வழியாப் போகும்போதெல்லாம் தலையைக் குனிஞ்சுக்கறேன். அதைக் கழட்டிடட்டுமா? நீங்க சரின்னு ஒரு வார்த்தை அனுப்பினாப் போதும், நாங்க இங்கேயே இருந்துக்கறோம். வெள்ளிக்கிழமை விளக்கேத்தி சாமிகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் இதை எழுதுறேன்.'

சரி. ரெண்டே எழுத்தும்மா. சின்ன பாக்கேஜ்லயே போயிருக்கும்.

நான் தொறந்து மூடுனதுல அவளுக்கு நீலக் கோடு ரெண்டு விழுந்திருக்கு. பாத்துட்டாங்க, பதில் சொல்லலன்னு நெனச்சிருக்கா. அதுக்கு மேல நான் எழுதுனது வேற போயிருக்கு, பாத்துக்கொண்டேதான் இருக்கிறேன்னு. அதப் படிச்சு அவ அழுதாளாம். ஜெகதீசு திங்கக்கெழம அஞ்சு மணிக்கு ஆபீசுல சரின்னு சொல்லிட்டான். அப்ப நான் கப்பல்ல அவகிட்டப் பேசி அழுது முடிச்சுட்டு மொகங் கழுவிக்கிட்டு இருந்திருப்பேன்.

இரும்மா, கண்ணத் தொடச்சுக்கறேன். ஏசி பஸ்சுல வந்தாலே எனக்குக் கண்ணுல தண்ணி வரும்.

கேமரா மாட்டுன கடைக்காரனக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் பாத்துட்டுச் சொல்றான், 'அம்மா, நெட்டு இல்லாட்டி கடைசியா வந்த படத்தையே காட்டிக்கிட்டு நிக்கும். நீங்க நாலு நாளும் பாத்தது வெள்ளிக்கெழமப் படம். ஓரத்துல தேதி, மணி எல்லாம் போட்டிருக்குமே'ன்னு. அப்ப நான் பேசுனதுன்னு கேட்டேன். 'அது எங்கயும் போயிருக்காதும்மா'ன்னான்.

எங்க வீட்டுக்காரரப் பாத்தேன். 'எனக்கு மொத நாளே தெரியும்'ங்குறாரு மனுசன்! ஏன் சொல்லலன்னு சண்டைக்குப் போனேன். 'இத்தன வருசத்துல நீ ஒருத்தர வாய் நெறயத் தாயின்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அத எதுக்கு நிறுத்தணும்னு இருந்துட்டேன்'னாரு. அவருக்கும் அந்த மெசேஜ் விசயம் தெரியாது பாவம், தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பாரு. ரெண்டு நாள்ல வரேன்னு போன மாசம் ஓசூரு போனாரு, இன்னும் வரல. அங்க தண்ணி ஒத்துக்கிச்சாம்.

அந்தக் கப்பல்காரனச் சும்மா விடல நான். புகார் எழுதிப் போட்டேன், உங்க வைஃபையால என் மருமக போயிட்டான்னு. பதில் வந்துச்சு. வருத்தம் தெரிவிக்கிறாங்களாம், அடுத்த தடவ வந்தா டிக்கட்டுல தள்ளுபடியாம்.

இந்தா பாரு, இதான் எங்க வீடு. இப்ப, இந்த நிமிசம். எம்புட்டுத் தெளிவாத் தெரியுது பாரு. பஸ்சுல போறப்பவே வட்டம் சுத்தாம ஓடுது. அந்தா, காத்தாடிக்குக் காலண்டர் ஆடுது பாரு. காத்தாடிய நிறுத்த மறந்துட்டேன், பாரேன். நிறுத்தச் சொல்ல ஆளில்ல வீட்ல. ராத்திரி சோறு திங்கும்போது இதத்தான் எதுக்க வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதுல நான் மட்டும் உக்காந்து சாப்பிடுறது தெரியும்.

அவகிட்ட போன்ல பேசுறேனே, பேசாம என்ன. எடுப்பா. 'நல்லாயிருக்கேன் அத்தே. சாப்பிட்டீங்களா அத்தே. பாலு பொங்குது அத்தே, வச்சிரவா'ம்பா. எந்நேரம் கூப்பிட்டாலும் பாலு பொங்கும். நானும் வச்சிருவேன். முட்டு வலி எப்படி இருக்குன்னு மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுருவா. இப்ப நாலு மாசமாம், ஜெகதீசு சொன்னான். அவ சொல்லல. அதான் கெளம்பிட்டேன். இந்தத் தடவ ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது பாரு நான். அந்தப் பயம்தான் எனக்கு. அந்தப் புள்ள பொறக்கும்போது நான் யாரோ மாதிரி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கக் கூடாது.

என்ன சொல்ற? போனதும் நேரா சொல்லிருங்கன்னா? கப்பல்ல சொன்னத அப்படியே?

நீ சின்னப் புள்ள, ஒனக்குத் தெரியாது. மூஞ்சிக்கு நேரா எப்படிம்மா சொல்றது? அவ என்னப் பாப்பாளே. அவ பாத்தா எனக்கு வேற பேச்சுத்தான் வரும். 'ஏன் எளைச்சுப் போயிருக்க, ஒழுங்காத் திங்கிறதில்லையா'ன்னுதான் வரும். எனக்கு என்னப் பத்தித் தெரியாதா? எங்க வீட்டுக்காரரையே அவகிட்டச் சொல்லச் சொன்னேன். 'அது உன் வாயால வரணும்'னுட்டாரு.

அதுக்குத்தான்மா இந்தப் பை. ஒடையுற சாமான்னு சொன்னேன்ல. இந்தா, தொட்டுப் பாரு, புதுசு. இது நாலு பக்கமும் சுத்துமாம். அய்ய, ஏன் அப்படிப் பாக்குற? அவளப் பாக்குறதுக்கு இல்லம்மா. சத்தியமா இல்ல. ஒரே ஒரு தடவ. ஓசூரு வீட்டு ஹால்ல ஒரு ஓரமா மாட்டிட்டு, நான் ஊருக்குத் திரும்பி வந்து, ரூமச் சாத்திக்கிட்டு, அவ வெளக்கேத்திக் கண்ண மூடுற நேரமாப் பாத்து மைக்க அழுத்தி, அம்புட்டையும் சொல்லிருவேன். தாயின்னு கூப்பிட்டுச் சொல்லிருவேன். சொல்லி முடிச்சதும் அவ கழட்டித் தூரப் போட்டுக்கிரட்டும். நான் சரின்னு சொல்லிருவேன்.

நீ படிச்ச புள்ள, ஒண்ணு கேக்குறேன். ஓசூர்ல நெட்டு நல்லா எடுக்குமாம்மா?